துண்டுக்குள் பேசியது

1. சேர்ந்த நாள்

மேஜர் டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே ஒரு மாதிரியாக இருந்தது.

"எடோ, தனக்குச் சும்மா இருக்கத் தெரியுமா?"

நான் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நாலு வருஷம் டிரெஸ்ஸராகப் புண் கழுவிக் கட்டுப் போட்டவன். எங்கள் போதகர் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பஸ் மாறி மாறி வந்திருந்தேன். இன்டர்வியூவில் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "எல்லா வேலையும் செய்வேன் சார்" என்றேன்.

"வேலை செய்யறது எளுப்பம். சும்மா இருக்கணும். அதாணு கஷ்டம்."

மேஜர் டாக்டர் பட்டாளத்தில் மனநோய் வார்டைப் பார்த்தவர். ரிட்டயர் ஆகி வந்ததும் நாலு நண்பர்களைச் சேர்த்து ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தார். எண்ணெய் மில் காம்பவுண்டில் இரண்டு அறை, ஒரு மேஜை, ஒரு மருந்து பீரோ, இரண்டு சைக்கிள். பங்களாதேஷ் சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த நேரம். கால் போனவனுக்குக் கட்டையாவது கிடைத்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து, சாப்பிடாமல் தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலைதான் அடித்தார்கள். அப்படிப்பட்டவர்களின் வீடு தேடிப் போய் வாரம் ஒருமுறை உட்கார்ந்திருக்க வேண்டும். மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். தானாகச் சொன்னால் கேட்க வேண்டும். தோண்டித் துருவக் கூடாது. இதுதான் என் டியூட்டி.

ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் ஷீட். அதில் 'பேஷண்ட் சொன்னது' என்று ஒரு கட்டம். சனிக்கிழமை அதை மேஜரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

எனக்கு வாய் நீளம். எங்கள் அம்மா, "ஏலே தேவசகாயம், ஒன் வாய் செத்தாலும் சாவாதுலே" என்பாள். அப்படிப்பட்டவனுக்குச் சும்மா இருக்கும் உத்தியோகம் கிடைத்தால் எப்படி இருக்கும்?

2. ஆறுச்சாமி

ஆறுச்சாமியின் கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் பதினோரு வாரமாக 'ஒன்றுமில்லை' என்றே இருந்தது.

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், சோளக்காட்டு நடுவில் அவர்கள் வீடு. அப்பா நாச்சிமுத்து மாட்டுத் தரகர். மனைவி ருக்குமணி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஆறுச்சாமி சண்டையிலிருந்து வந்த புதிதில் ஒன்றிரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். பிறகு அதுவும் நின்றுபோனது. காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவார். மாட்டுச்சாளையில் காளைகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். ஆள் முரடே இல்லை. நான் போனால் எழுந்து நின்று, உட்காரச் சாக்கை உதறிப் போடுவார். அந்த மரியாதைக்காகவே எனக்கு அவர்மேல் பிரியம் விழுந்துவிட்டது.

"சாப்ட்டீயளா அண்ணாச்சி?" என்று நான் கேட்கும்போது ருக்குமணி கதவுக்குப் பின்னால் சிரிப்பது கேட்கும். எங்கள் தெற்கத்திப் பேச்சு அந்த ஊருக்கு வேடிக்கை.

ஒருநாள் நாச்சிமுத்து கையில் ஒரு காகிதத்தோடு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். மகனைத் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க டாக்டர் கையெழுத்து வேண்டும்.

"நோம்பி முடிஞ்சதும் மருமவளோட அண்ணன் வண்டி கட்டிட்டு வர்றானுங்க. அவளையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டான். ரெண்டு வருசம் பொறுத்தாச்சு, வாயத் தொறக்காத ஆளோட எப்படிக் குடும்பம் பண்றதுங்கறான். நாயந்தானுங்க. அவ போயிட்டா இவனுக்குச் சோறு போட ஆருங்க இருக்கறா? எனக்கும் வயசாச்சு."

அந்தக் காலத்தில் அப்படி உள்ளே போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. மேஜருக்கும் தெரியும். பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை.

"நோம்பி கழியட்டே. அதுவரை டைம் தா."

மாரியம்மன் திருவிழாவைத்தான் அங்கே நோம்பி என்பார்கள். அதற்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

3. சந்தையில் நடந்தது

அடுத்த வாரம் நான் போன அன்று சந்தை நாள். வீட்டில் ருக்குமணியும் குழந்தையும்தான் இருந்தார்கள். மயிலைக்காளை ஜோடி ஒன்றை விற்க நாச்சிமுத்து ஓட்டிப் போயிருந்தார், காளைகள் ஆறுச்சாமி இல்லாமல் நகரவில்லை என்று அவரையும் கூட்டிப் போயிருந்தார். நானும் சைக்கிளை மிதித்து வேலந்தாவளம் போனேன்.

எங்கள் மலையில் மாட்டுச்சந்தை பார்த்து அறியாதவன் நான். அவ்வளவு பெரிய சந்தையில் யாருமே விலையைக் கத்திச் சொல்லவில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்துக்கொள்கிறார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறார்கள். நூறா பத்தா என்பதை மட்டும் வாயால் சொல்லுகிறார்கள். எத்தனை என்பதைத் துண்டுக்குள் விரல் சொல்கிறது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. அதற்குமேல் என்றால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைகளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

நாச்சிமுத்து டீ குடிக்கப் போயிருந்தார். அப்போது பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரி ஒருவர் காளைகளைச் சுற்றி வந்தார், பல்லைப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆறுச்சாமிதான் சொந்தக்காரர் என்று நினைத்து, தோள்துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டுவிட்டார்.

"நூறுங்க" என்றார்.

அவரைத் தடுக்க நான் ஓடினேன். அதற்குள் ஆறுச்சாமியின் தோள் அசைந்தது. துண்டு அசைந்தது. வியாபாரி தலையை ஆட்டி, "அது கட்டாதுங்க" என்று மறுபடி பிடித்தார். ஆறுச்சாமியும் மறுபடி பிடித்தார். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் வியாபாரி சிரித்துக்கொண்டே துண்டை உருவித் தோளில் போட்டார்.

"கெட்டிக்காரத் தரகனப்பா! முடிஞ்சுது, ஓட்டிக்கட்டுமா?"

டீ கிளாஸோடு வந்த நாச்சிமுத்து அப்படியே நின்றுவிட்டார். "சின்ன வயசுல நாந்தானுங்க சொல்லிக்குடுத்தேன்" என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன். டாக்டரும் நானும் தேடாத இடத்தில் அந்த ஆளுடைய பேச்சு இருந்திருக்கிறது.

4. நான் செய்த தப்பு

அன்று மாலையே நாச்சிமுத்துவிடம் விரல் கணக்கைக் கற்றுக்கொண்டேன். ருக்குமணி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருந்தாள். மேஜரிடம் சொன்னபோது அவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "போடோ, ஒரு நல்ல துண்டு வாங்கு" என்றார்.

சாளையில் சாக்குமேல் உட்கார்ந்து, கைமேல் துண்டைப் போட்டேன். "இட்லி" என்றேன். இரண்டு விரலைப் பிடித்தார். "தூக்கம், மணிக்கணக்கு" என்றேன். ஒரு விரல். பாவம், ராத்திரி முழுக்க ஒரு மணி நேரம்! அதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன், மேஜர் மாத்திரையை மாற்றினார். அடுத்த வாரம் மூன்று விரல். ருக்குமணிக்கு முகமே மாறிப்போனது. நோம்பிக்கு மூன்று வாரம் இருந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது. தோண்டாதே என்று முதல் நாளே மேஜர் சொன்னதை மறந்து, ஒருநாள் துண்டுக்குள் கேட்டுவிட்டேன்.

"கூட இருந்து போனவங்க. ஆளு."

வெகுநேரம் கை அசையவில்லை. பிறகு பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிடித்த கையை விடவே இல்லை. அவர் கண் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அழுதிருக்க வேண்டும், அழவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் வந்துவிட்டது. எழுந்து வாசலுக்கு ஓடி, "ஐயா, சொல்லிட்டாரு! அண்ணாச்சி சொல்லிட்டாரு! இத்தனை பேராம்!" என்று எண்ணிக்கையைக் கத்திவிட்டேன். நாச்சிமுத்து, ருக்குமணி, மோர் வாங்க வந்த பக்கத்துக் காட்டு அம்மா எல்லோரும் கேட்டார்கள்.

ஆறுச்சாமி சாளையிலிருந்து வெளியே வந்தார். துண்டை நாலாக மடித்து என் தோளில் வைத்தார். திரும்பிப் போய்ச் சாக்கில் படுத்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாச்சிமுத்து என்னைத் திட்டியதுபோல் என் அப்பாகூடத் திட்டியதில்லை.

"ஏனுங்க தம்பி, துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லிப்போட்டீங்களே! சந்தையில இதச் செஞ்சவனுக்கு அப்பறம் ஒருத்தன் கை குடுப்பானுங்களா? கணக்குச் சொல்லிக்குடுத்தேன், இதச் சொல்லிக்குடுக்கோணும்னு எனக்குத் தோணலையே! சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்களே!"

சனிக்கிழமை கேஸ் ஷீட்டை வாசிக்கும்போது மேஜர் கையை நீட்டித் தடுத்தார். அந்த எண்ணின்மேல் இங்க்கை ஊற்றாத குறையாக அடித்தார். "ரிசைன் பண்ணிடறேன் சார்" என்றேன்.

"ரிசைன் செஞ்சா அவனுக்கு எந்து லாபம்? போய் உட்காரு" என்றார்.

5. என் கணக்கு

போனேன். இரண்டு வாரம் தினமும் போனேன். அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார். எழுந்து சாக்கு உதறிப் போடவில்லை. தூக்கம் மறுபடி போய்விட்டதாக ருக்குமணி சொன்னாள். டிரங்குப் பெட்டியில் தன் துணிகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"மனசில்லைங்க. அண்ணன் சொல்லுக்கு என்ன பதில் சொல்றதுங்க?" என்றாள்.

நாச்சிமுத்துவிடம் கேட்டேன், சந்தையில் இப்படித் தப்பு செய்தவன் மறுபடி எப்படிச் சேருவான் என்று. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல அவன் ஆருக்குஞ் சொல்லாத தன்ற அடிவெலையச் சொல்லோணுமுங்க. பொய்யில்லாம. அப்பறம் எதிராளி பாடு."

நோம்பிக்கு முந்தின நாள் சாளைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் துண்டைப் போட்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"தம்பி" என்றேன். ஒரு விரலைப் பிடித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் என் தம்பி எஸ்டேட் ஓடையில் மூழ்கிப் போய்விட்டான். பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா என்னிடம்தான் விட்டிருந்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. இத்தனை பேசுகிற வாய் அதை மட்டும் பேசியதில்லை. விரலைப் பிடித்தபடி நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பினார். இன்னொரு கையைத் துண்டின் மேலே வைத்து மூடிக்கொண்டார். இருட்டும்வரை அப்படியே இருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருப்பது என்றால் என்ன என்று அன்று அவர்தான் எனக்குக் காட்டினார்.

6. வண்டி வந்தது

நோம்பிக்கு மறுநாள் ருக்குமணியின் அண்ணன் கூண்டு வண்டியோடு வந்தார். மேஜரும் பையில் அந்தக் காகிதத்தோடு வந்திருந்தார். நான் வேலியோரம் நின்றேன். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாயிற்று. குழந்தைக்குப் புதுச்சட்டை.

ஆறுச்சாமி சாளையிலிருந்து வந்தார். குளித்திருந்தார். நேராக என்னிடம் வந்து, என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டார். மச்சான் முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

அண்ணனும் மாடு வாங்கி விற்கிற விவசாயிதான். அவர் தங்கையைப் பார்த்தார், நாச்சிமுத்துவைப் பார்த்தார். "என்ன மாப்ள இது" என்று முணுமுணுத்துக்கொண்டே கையைக் கொடுத்தார். கைகளின்மேல் துண்டு விழுந்தது.

துண்டு ஒருமுறை அசைந்தது. அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி அசைந்தது.

அப்போது ருக்குமணி குழந்தையை இறக்கி விட்டாள்.

"அண்ணா, என்னையப் பத்தித்தான பேசறீங்க? என்ற கையும் உள்ள இருக்கட்டும்."

சந்தையில் எந்தப் பெண்ணும் துண்டுக்குள் கை விட்டதில்லை. நாச்சிமுத்து தடுக்க ஓரடி எடுத்து வைத்து, நின்றுவிட்டார். அவள் கை உள்ளே போனது. பிறகு துண்டு வெகுநேரம் அசைந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை உருவிக்கொண்டார்.

"சரி அம்முணி, நோம்பிச் சோறு மிச்சமிருந்தாப் போடு. பசிக்குது" என்றார்.

பெட்டி திரும்ப வீட்டுக்குள் போனது. மேஜர் காகிதத்தை எட்டாகக் கிழித்து, காளைக்குத் தின்னக் கொடுத்தார்.

ஆறுச்சாமி வாய் திறந்து பேச இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. முதல் வார்த்தை மகளின் பெயர். பிறகு அப்பாவுக்குப் பதில் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். சில ராத்திரிகளில் சாளைக்குப் போய்ப் படுத்துக்கொள்வது கடைசிவரை இருந்தது. யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அன்று அவர் சொன்ன எண்ணிக்கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இதில் அதை எழுதவில்லை. இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கக்கூடியது அந்த ஒன்றுதான்.

ரிட்டயர் ஆவதற்கு முன் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறுச்சாமி சாக்கை உதறிப் போட்டார். காப்பி கொண்டுவந்த ருக்குமணிக்குத் தலை நரைத்திருந்தது. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று மெதுவாகக் கேட்டேன், "அன்னைக்கு மூணு பேரும் என்னதான் பேசி முடிச்சீக?"

அவள் கணவனைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள்.

"ஏனுங்க, மறுக்காவும் அதே தப்பா?" என்றாள்.