எங்கள் சார்பில் ஒரு மாலை

என் கொழுந்தன் சந்திரமோகனை வீட்டில் முழுப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வேலூரில் அவரோடு காலேஜ் படித்தவர்களுக்கு மட்டும் அவர் மோகன். வகுப்பில் இன்னொரு சந்திரமோகன் இருந்தாராம், வந்தவாசிக்காரர். ஆள் குழம்பாமல் இருக்க இவர் பேரில் பாதியை வெட்டிவிட்டார்கள். "முழுசா அவன் எடுத்துக்கினான் அண்ணி, எனக்கு வாலுதான் மிச்சம்" என்று சிரிப்பார்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்தது அவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தார், இவர் பட்டு சொசைட்டியில் எழுத்து வேலைக்குப் போனார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய சிநேகம்தான் இவருக்கு உத்தியோகம். பிள்ளை குட்டி இல்லை. போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பைபாஸ் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். ரீயூனியன், ரீயூனியன் என்பார். நெசவாளர் யூனியனில் ஏதோ தகராறு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எல்லாரும் ஒரு நாள் ஆரணியில் கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தேதி வைப்பார். யாராவது ஆஸ்பத்திரியில் சேர்வார்கள், தள்ளிப்போகும். சிலர் போயே சேர்ந்தார்கள். அந்தச் சேதியை குரூப்பில் போடுவதும் இவர்தான், சாவுக்குப் போவதும் இவர்தான். போளூரோ தெள்ளாரோ, பஸ் ஏறிப் போய் எல்லார் சார்பிலும் ஒரு மாலை போட்டுவிட்டு வருவார். மற்றவர்களுக்கு முட்டி வலி, தூரம்.

தன் சம்சாரம் கமலத்திடம் ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "எனக்கு எதுனா ஆனா, நம்ம பசங்க வந்து மூஞ்ச பாத்தப்புறம்தான் எடுக்கணும்." எழுபது தாண்டினவர்கள் எல்லாம் பசங்க!

போன கார்த்திகையில் ஒரு காலை, பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

கமலம் அழுவதற்கு முன்னால் கேட்டது இதைத்தான்: "குரூப்புல போட்டுடுடா சிவகுமாரு."

சிவகுமார் என் மகன். அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சித்தப்பா போனையே எடுத்து, அவர் கடைசியாகப் போட்டிருந்த சாவுச் சேதியை அப்படியே திரும்பப் போட்டு, பேரை மட்டும் மாற்றினான். நம்மோடு படித்த சந்திரமோகன் இன்று காலை இறைவனடி சேர்ந்தார், ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன் என்று. சாவு வீட்டில் சினிமாப் பாட்டு அடிக்கிறதே என்று போனின் வாயையும் அடைத்துவிட்டான்.

மத்தியானத்துக்குள் என் மாமியாரின் தங்கை வழி, கமலத்தின் தாய் வழி, கொண்டு கொடுத்த வீடு எல்லாம் கோடித் துணியோடு வந்துவிட்டது. யார் முன்னே, யார் பின்னே என்று என்னைத்தான் கேட்டார்கள். சொன்னேன். கூடப் படித்தவர்களுக்கு எந்த இடம் என்பதுதான் எனக்கே தெரியவில்லை.

"எல்லா வூடும் வந்தாச்சு. இன்னும் யாருக்கும்மா பாத்துகினு இருக்கற?" என்று கமலத்தின் அண்ணன் வீரபாகு பேஜார் பண்ணினார்.

"அவரு கூட படிச்சவங்க வரணும்ண்ணா."

"சேதி போனவங்க வரதா இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டாங்களா? மழ கட்டிகினு நிக்குது."

கமலம் சிவகுமாரைப் பார்த்தாள். அவன் போனை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, "எல்லாரும் கும்பிடு போட்டிருக்காங்க சித்தி" என்றான்.

"வரேன்னு இருக்குதா?"

அதற்குள் பாடைக்காரன் கூப்பிட்டான், அவன் ஓடினான். தூறல் விழுந்தது. அதற்குமேல் வீரபாகு யாரையும் கேட்கவில்லை. எடுத்துவிட்டார்கள். தெரு முனை திரும்பும்வரை கமலம் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொள்ளி வைத்துவிட்டு வந்து தலை முழுகின பிறகுதான் சிவகுமார் போனை எடுத்து ஒழுங்காகப் படித்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. "சத்தமா படி" என்றாள் கமலம்.

"பாவம், வந்தவாசியான் வாதம் வந்து எத்தன வருசமா கெடந்தான், விடுதல. மோகன், உனக்குத்தான் பக்கம். போயி எங்க எல்லார் சார்பிலயும் ஒரு மால போட்டுட்டு வந்துடு." அதற்குக் கீழே பத்துப் பேர் அதையே சொல்லியிருந்தார்கள்.

அப்போது அந்தப் போன் கையிலேயே அதிர்ந்தது. போளூர் அற்புதராஜ், ரிட்டையரான வாத்தியார், இவருக்கு ரொம்ப நெருக்கம். கமலம் வாங்கிக் காதில் வைத்தாள். உரத்த குரல், எங்களுக்கும் கேட்டது.

"டேய் மோகன், காலையிலேருந்து அடிக்கறேன், எடுக்க மாட்டியா? கூட்டம் இருந்துச்சா?"

"நான் கமலம் பேசறேங்க. அவரு போயிட்டாருங்க."

"இன்னும் திரும்பலையாம்மா? மழ வேற பெய்யுது. வந்தவொடனே எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

"குடு சித்தி, நான் சொல்லிடறேன். நாளைக்காவது வருவாங்க" என்று சிவகுமார் கையை நீட்டினான்.

"வந்து யாரு மூஞ்ச பாக்கறதுடா?" என்றாள் கமலம். போனைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.