பாதி அகராதியும் மூன்று இன்லேண்ட் லெட்டரும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிச்சயமான பெண்ணுக்கு நான் எழுதிய முதல் காதல் கடிதம் லத்தீன் மொழியைப் பற்றியது. எனக்கு லத்தீன் தெரியாது.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை. அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் சும்மா எட்டிப் பார்க்கக் கூடாது, கடிதம் போடலாம். பெண் பார்த்த அன்று அவள் தலை நிமிரவே இல்லை. என்னைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

கவிதை வராது. கையில் இருந்தது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய, சொல் பிறந்த கதையும் போட்டிருந்த ஆங்கில அகராதி. அதுவும் பாதிதான், ‘எம்’ எழுத்தோடு கிழிந்துபோயிருந்தது.

முதல் இன்லேண்டில், லெட்டர் என்ற சொல் ‘லித்தெரா’விலிருந்து வந்தது, ரோமானியர்களுக்கு எழுத்தைப் பன்மையாக்கினால் அதுவே கடிதம் என்று எழுதினேன். இரண்டாவதில், கேபிடல் லெட்டரின் ‘காபுத்’ என்றால் தலை. ஆகவே நீதான் என் தலையெழுத்து. அதைப் பாராட்டு என்றே நினைத்தேன். மூன்றாவதில் கான்சொனன்ட்: ‘கூடச் சேர்ந்து ஒலிப்பது’. நம் மெய்யெழுத்தைப் போலத் தனியாக நிற்காது, நானும் அப்படித்தான் என்று உருகி, பசையை நாக்கால் தடவி ஒட்டினேன். அந்த நீலத் தாளின் பசை ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரே வரி: “மெய்யெழுத்து சரி. வவல் எங்கிருந்து வந்தது?”

கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. காதலில் கை நடுங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வவல், அதாவது உயிரெழுத்து, ‘வி’யில் அல்லவா வரும்; அந்த எழுத்து என் அகராதியில் கிடையாதே! செமினரியில் லத்தீன் படித்த பாதிரியார் ஒருவர் பக்கத்துத் தெரு சர்ச்சில் இருந்தார். அவரிடம் ஓடினேன்.

“‘வோகாலிஸ்’. ‘வோக்ஸ்’னா குரல். குரல் உள்ளதுன்னு அர்த்தம்,” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். “பொண்ணு கேட்டுச்சாக்கும்?”

“ஆமா ஃபாதர்.”

“அப்ப எழுதாதீங்க தம்பி. போயி வாயத் தொறந்து சொல்லுங்க.”

கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் காட்டும் சாக்கில் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். மாமனார், மாமியார், சித்தப்பாக்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. அடுப்படி வாசலில் அவள். கொடுத்த பால்கோவாவை விழுங்கினேன். குரலைப் பற்றிச் சொல்ல வந்தவனுக்குக் குரல் வரவில்லை. புரூஃப் நனையும் அளவுக்கு வியர்த்த பிறகு, “வவல்னா... குரல்,” என்றேன்.

“அப்படியா மாப்ள!” என்றார் மாமனார், பெரிய பாரம் இறங்கியவர்போல. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அதைச் சம்மதம் என்று நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பாதி அகராதி தலையில் விழுந்தது. தூசியைத் தட்டிக்கொண்டே, அந்தப் போஸ்ட் கார்டை நினைவிருக்கிறதா என்று மனைவியிடம் பெருமையாகக் கேட்டேன்.

“அது எங்கப்பா எழுதுனதுல்லா,” என்றாள், துணி மடித்தபடியே. “ஒங்க லெட்டர் பூராம் அவியதான் படிச்சாவ. நான் மொத லெட்டரோட நிறுத்திட்டேன்.”

“அப்ப என்னைய எப்படிப் பிடிச்சுது?”

“எங்க பிடிச்சுது? அப்பாதான் சொன்னாவ, ‘இந்தப் பயலுக்குக் கெட்ட பழக்கம் பழகவே நேரம் இருந்திருக்காது, பயப்படாமக் கட்டிக்கோ’ன்னு.”