பாரூக் பாய் லேப்டாப்பில் ஒரு சிவப்பு அட்டை

வடலூர் பாரூக் பாய் எங்க டீம்ல வீட்லேர்ந்தே வேலை பாக்குறவர். "அப்டேட்டே பண்ண மாட்டீங்களா?"ன்னு சென்னையில இருக்கிற லீடர்கிட்ட தினம் திட்டு வாங்குறவரும் அவர்தான்.

இன்னிக்குக் காலையில லீடரே ப்ராஜெக்ட்ல இருக்கிற எல்லா சாஃப்ட்வேர் பேக்கேஜையும் அப்டேட் பண்ணாரு. ப்ராஜெக்ட் படுத்துடுச்சு.

பதறிப்போய், எப்பவோ எடுத்து வச்ச பழைய காப்பியை சர்வர்ல ஃபோர்ஸ் புஷ் பண்ணிட்டாரு, அதாவது இருந்ததை அழிச்சு மேலேயே ஏத்திட்டாரு. ஒரு வார வேலை காலி. அவர் சொன்னாருன்னு நாங்களும் நல்ல பிள்ளைங்களா அதையே இறக்கிக்கிட்டோம்.

சொன்ன பேச்சு கேக்காத ஒரே ஆள் பாய். அவர் லேப்டாப்ல மட்டும் நேத்து வரைக்கும் டீம்ல எல்லாரும் செஞ்சது அப்படியே இருந்துச்சு.

லீடர் குரல் குழைஞ்சுது. "பாரூக் சார், ப்ளீஸ், எதையும் தொட்டுடாதீங்க."

பாய் வூட்ல நெட் மோசம். நெய்வேலியிலேர்ந்து பென் டிரைவோட வண்டியை விரட்டினேன்.

லேப்டாப் பீரோ மேல இருந்துச்சு. அதுல ஒரு சிவப்பு அட்டை: "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே." நெய்வேலி மைன்ஸ்ல மெஷினை ரிப்பேர் பண்றப்ப மாட்டுறது; அங்க கான்ட்ராக்ட்ல இருக்கிற அவர் தம்பி கொண்டுவந்தது.

"புள்ளைங்க தொட்டுடப் போறாங்கன்னு மாட்டிட்டு காவல் உக்காந்துகினு இருக்கேங்க."

காப்பி எடுத்து ஏத்தினேன். எல்லாம் திரும்பி வந்துடுச்சு.

சாயந்திரம் லீடர் மெயில்: "எனது துரித நடவடிக்கையால் ப்ராஜெக்ட் மீட்கப்பட்டது. பாரூக் இன்றே அப்டேட் செய்யவும்."

பாய்க்கு போன் போட்டேன்.

"அட்டையை மாட்டினவன்தான் கழட்டணும், மைன்ஸ் ரூலுங்க. மாட்டினது நானு. கழட்டுற மாதிரி இல்ல."

லீடர் கீபோர்டுக்கு இன்னொரு அட்டை கேட்டிருக்கேன். உங்க ஆபீஸ்ல யாருக்கு வேணும்?