தார்ப்பாயில் இரண்டு தட்டு

ஒரு சட்டையைப் பார்த்து மிரண்டவள் ராயபுரம் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேய் பிசாசுக்குப் பயந்தவளில்லை நான். குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைக்க எங்கள் சந்தில் எவளுக்கும் துணிச்சல் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு, மடித்துவைத்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தொட்டதும் உள்ளங்கை வேர்த்தது.

அதைக் கொண்டுவந்தவன் ஒரு ஜப்பான் கப்பல்காரன். கூட்டிவந்தவர் என் வீட்டுக்காரரின் மேஸ்திரி. ஹார்பரில் மூட்டை இறக்குகிற ஆட்களைக் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர்தான். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. உலகச் சண்டை ஓய்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிய சிறுமி நான். இப்போது அந்த ஊர்க்காரன் ஒருத்தன் என் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பை வளைத்து வணக்கம் போட்டான். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மோர் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். அவனுடைய கப்பல் சரக்கு இறக்க வந்து நின்றிருந்தது. சாயங்காலங்களில் அவனும் இன்னொருவனும் மேல்தளத்தில் கனமான சட்டை போட்டுக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூடோ என்று பேராம். வேடிக்கை பார்த்த நம்மவர்களில் எவனோ சும்மா இருக்காமல், எங்கள் பயில்வான் வந்தால் இவன் நிமிஷத்தில் காலி என்று சொல்லிவிட்டான். மேஸ்திரிக்கு மீசை துடித்துவிட்டது. அந்தப் பயில்வான் என் வீட்டுக்காரர். காலையில் ஹார்பர், சாயங்காலம் கோதா. கோதா என்றால் குஸ்தி போடுகிற மண்குழி. எண்ணெய் விட்டுப் பிசைந்த செம்மண்ணில், லங்கோட்டைத் தவிர உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் இறங்குவார்கள். முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம் என்று பேசி முடித்திருந்தார்கள். முதல் ஆட்டம் அவன் முறைப்படி, சட்டை போட்டுக்கொண்டு. இரண்டாவது நம் முறைப்படி, கோதா மண்ணில். அவன் கொண்டுவந்த சட்டை என் வீட்டுக்காரரின் மார்பில் பாதிகூட மூடவில்லை. நான் கைமெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் என்பதால், அதை அளவுக்கு வைத்துப் பெரிதாக ஒன்று தைத்துத் தரவேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டார்.

"தங்கச்சி, நல்லா கெட்டியா தைச்சிக் குடு. நம்ம மானம் அதுலதான் கீது."

மானம் அதில் இருந்ததோ இல்லையோ, என் குடும்பம் அதில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் கிரேன் கட்டிலிருந்து நழுவிய ஒரு பொதிக்குத் தோள் கொடுக்கப் போய், என் வீட்டுக்காரருக்கு வலது தோள் மூட்டு கழன்றுவிட்டது. எலும்பு கட்டுகிறவரிடம் போய் உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டு வந்தோம். ஒருதரம் கழன்ற மூட்டு மறுபடி கழலக் காத்துக்கொண்டே இருக்கும், எவனும் பிடித்து முறுக்காமல் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லி அனுப்பினார். காய்ச்சல் என்று பொய் சொல்லி இவர் கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தார். கை போனவனை எந்த மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? ஆகவே தோள் சமாசாரம் எங்கள் இரண்டு பேரைத் தாண்டிப் போகவில்லை. தோள் காரணத்தைச் சொல்லாமல் இந்த ஆட்டத்துக்கு மாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். வலிக்கிறது என்று அந்த மனிதர் வாய் திறந்து சொன்னதே இல்லை. ஆனால் வலி அதிகமானால் கால் கட்டைவிரல் உள்ளே மடங்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கையைத் தளர்த்துவேன்.

கப்பல்காரன் போவதற்கு முன்னால் ஒன்று காட்ட வேண்டும் என்று சைகை செய்தான். எங்கள் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, தன் கையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து முறுக்கச் சொன்னான். அவர் லேசாக முறுக்கினார். உடனே அவன் மறு கையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். மேஸ்திரி கப்பல் இங்கிலீஷில் அவனிடம் கேட்டு விளக்கம் சொன்னார்: அவர்கள் ஆட்டத்தில் கைமூட்டை மடக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். தாங்க முடியாவிட்டால் தட்டிவிட வேண்டும். தட்டினால் எதிராளி அந்த நொடியே விட்டுவிடுவான். தட்டாவிட்டால் விடமாட்டான்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வலிச்சா தரையத் தட்டணுமா? நான் இன்னா கொயந்தயா மேஸ்திரி? போதும் உட்ருன்னு தட்றதுக்கா கோதாவுல எறங்கறோம்?"

கப்பல்காரன் சிரிக்கவில்லை. மறுபடி படுத்து, மறுபடி இரண்டு தட்டுத் தட்டி, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். அவன் சிரிக்காததுதான் என்னைக் கலக்கியது.

கித்தான் துணி வாங்கி வந்து வெட்ட உட்கார்ந்தேன். அளவுச் சட்டையை விரித்துப் பார்த்தபோது அது எங்கெங்கே நைந்திருக்கிறது என்று கண்ணில் பட்டது. வேறெங்கும் நூல் பிரியவில்லை. இடது மார்புப் பட்டையும் வலது கைமுட்டிக்குக் கீழே உள்ள துணியும் மட்டும் இழை இழையாகப் போயிருந்தன. எதிராளிகள் பிடித்துப் பிடித்து இழுத்த இடம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை இவனும் அங்கேதான் பிடிப்பான். வலது கை! குஸ்தியில் பிடிக்கிறதுக்குச் சதைதான் உண்டு. எண்ணெயும் வேர்வையும் சேர்ந்தால் பிடி வழுக்கும், வழுக்கினால் ஆள் தப்பிக்கலாம். துணி வழுக்குமா? என் புருஷன் கையை எவனோ பிடித்து முறுக்குவதற்கு, நானே உட்கார்ந்து பிடி தைத்துக்கொண்டிருந்தேன்.

மக்கின நூலைப் போட்டுத் தைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கிழிந்தால் பொண்டாட்டி தைத்த லட்சணத்தைப் பார் என்று அதற்கும் என் தலைதான் உருளும். கழுத்துப் பட்டையில் ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டினேன். எரிச்சலில் மகளை இரண்டு அடி வைத்தேன். பாவம், அவள் செய்த தப்பு தண்ணீர் கேட்டது.

அவர் வந்ததும் அளவுச் சட்டையைக் காட்டினேன். "யோவ், அவன் வலது கையதான்யா புடிப்பான். இங்க பாரு, எப்பிடி நஞ்சி கீது."

"சட்ட உன்னாண்ட வந்து சொல்லிச்சா?"

"வலிச்சா தட்டிடுயா. இன்னா கொறஞ்சி பூடும்?"

"செத்தாலும் தட்ட மாட்டேன். சும்மா பேஜார் பண்ணாதமே."

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நன்றாகவே இறங்கியது.

காசிமேட்டுப் பக்கம் கோதாவுக்குப் பக்கத்திலேயே வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். சுற்றிக் கயிறு. ஹார்பர் ஆட்கள், மீன்காரப் பெண்கள், கப்பல்காரர்கள் என்று ஒரே கூட்டம். மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, இடித்துப் பிடித்துக் கயிற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். பெண்கள் கோதா மண்ணை மிதிக்கக் கூடாது என்று ஒருத்தர் முறைத்தார். நான் எங்கே மிதித்தேன், கயிற்றுக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறேன் என்று திருப்பி முறைத்தேன்.

கித்தான் சட்டை போட்ட என் வீட்டுக்காரரைப் பார்க்கவே அந்நியமாக இருந்தது. கப்பல்காரன் வந்தவுடன் இடது பட்டையில் ஒரு கை, வலது சட்டைக்கையில் ஒரு கை வைத்தான். நான் பார்த்த அதே இடம். அவன் இழுத்தான், திரும்பினான், இடுப்பைக் கொடுத்தான். இவர் குஸ்திக்காரர் நிற்கிற மாதிரி தாழ நின்று அசையாமல் இருந்தார். பிறகு அவன் இடுப்பைக் கட்டித் தூக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். இவர் மேலே, அவன் கீழே. அவனுடைய இரண்டு தோளும் தார்ப்பாயில் பட்டுவிட்டன.

கூட்டம் குதித்தது. மேளக்காரன் அடித்தான். வேறு நாளாக இருந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. என் வீட்டுக்காரரும் பழக்க தோஷத்தில் பிடியைத் தளர்த்தி, தலையைத் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தார். மல்லாந்து கிடந்தவனுக்கோ ஆட்டம் அப்போதுதான் ஆரம்பம். வலது சட்டைக்கையை விடாமல் பிடித்தபடியே ஒரு காலை இவர் கழுத்துக்குக் குறுக்கே போட்டான், இன்னொரு காலை மார்புக்கு. புரட்டிப் போட்டு, கையை நீட்டித் தன் தொடைக்கு நடுவே வைத்துப் பின்னால் சாய்ந்தான்.

மேளம் நின்றது. அவன் ஒரேயடியாக ஒடிக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்துவிட்டு நிறுத்தி, தட்டு தட்டு என்பதுபோல இவர் முகத்தைப் பார்த்தான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். "உடாத நைனா, உடாத!" என்று மேஸ்திரி கத்தினார். நான் ஒருத்திதான் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் மடங்கியது. அதோடு நிற்காமல் மற்ற விரல்களும் மடங்கின. அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

கயிற்றுக்கு அடியில் எப்படிப் புகுந்தேன் என்று ஞாபகமில்லை. அவர்கள் தலைமாட்டில் மண்டியிட்டு, தார்ப்பாயில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

கப்பல்காரனின் பிடி அப்போதே விட்டுப்போயிற்று. தட்டியது யார் கை என்று அவன் அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கிடந்த இடத்திலேயே கிடந்து, தார்ப்பாயில் பதிந்திருந்த என் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?" என்று மேஸ்திரி ஓடிவந்தார்.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் மறுநாள் காலையில் பெயர் கூப்பிடுகிற வாய் மூடிக்கொள்ளும். "பயந்துட்டேன் மேஸ்திரி. பொம்பளதான, பயந்துட்டேன்" என்றேன். என் வாயில் அதற்கு முன்னும் பின்னும் வராத வார்த்தை அது. கூட்டம் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது.

முதல் ஆட்டம் கப்பல்காரனுக்கு என்று தீர்ப்பாயிற்று. இரண்டாவது ஆட்டத்தில் சட்டை கிடையாது. அவன் கை பட்டை இருக்கவேண்டிய இடத்துக்குப் போய், வெறும் மார்பில் வழுக்கி வழுக்கித் திரும்பியது. இவர் இடது கையாலேயே அவன் தொடையை அள்ளி மல்லாக்கக் கிடத்திவிட்டார். தான் தோற்றதுகூடத் தெரியாமல் அவன் கீழே கிடந்தபடி கால்களால் இவரைப் பின்னப் பார்த்தான். மேஸ்திரிதான் போய் விலக்கிவிட்டார். ஆளுக்கு ஒன்று, சமம். ஆனால் அதை யார் ஞாபகம் வைத்தார்கள்? பொண்டாட்டி தட்டின பயில்வான் என்பதுதான் ஊரில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "நான் தோக்கலமே. நீதான் தோத்த."

"ஆமாய்யா, நான்தான் தோத்தேன். கை உன்னாண்டதான கீது?"

அதன் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் அவர் வேலைக்குப் போனது முதல் திரும்பி வருகிற வரைக்கும் என் உயிர் என்னிடத்தில் இல்லை. மேஸ்திரி பெயர் கூப்பிட்டிருந்தார். மூட்டையும் அந்தத் தோளில்தான் ஏறியிருந்தது, கோணியின் தூசி ஒட்டியிருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். குழாயடிக்குப் போனால் குடத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல நின்றார்கள். வேறு சமயமாக இருந்தால் குடம் பறந்திருக்கும். காரணத்தை வெளியே சொல்ல முடியாதவள், கேட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்தேன்.

தோளைத் தேய்ப்பதும் நின்றுபோயிருந்தது. ஒரு சாயங்காலம், கப்பல் போய்விட்ட பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தை அவரே எடுத்துவந்து என் முன்னால் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காலை மடக்கி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். விரலைப் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் எனக்கு மனமில்லை. பேசாமல் கழிந்த நாட்களின் கோபம் முழுவதையும் கட்டைவிரலில் வைத்து மூட்டுக்குள் அழுத்தினேன்.

தரையில் மெதுவாக இரண்டு தட்டுக் கேட்டது.

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.