பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வாய்

டைப் அக்காவின் வேலையில் குறை சொல்ல இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய சொந்தக் கருத்து. இருபத்தாறு வருடம் ஒரு வக்கீல் ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்டவர். கட்சிக்காரர் வந்து, "அவன் என்னைப் போட்டுப் பொளந்துட்டான் சார்" என்று அழுவார். அக்காவின் விரல் பட்டதும் அது "எதிர்மனுதாரர் என்னைக் கடுமையாகத் தாக்கினார்" என்று இஸ்திரி போட்ட சட்டையாக வந்து நிற்கும். வக்கீல் எள் என்றால் அக்கா எண்ணெய்.

வக்கீல் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் மாடியில், துவைத்த போர்வைகளை அடுக்கும் அறைக்கும் லிப்டுக்கும் நடுவே ஒரு நீள அறை. மேஜை மேல் கம்ப்யூட்டர், காதில் மாட்ட ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். சிறு வயதிலிருந்தே ஏதோ ஒரு நோயோடு வளர்கிற பன்னிரண்டு பிள்ளைகள், ஆஸ்பத்திரி தங்களை எப்படி நடத்துகிறது, நோய் வந்தபின் தாங்களே தங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசியிருந்தார்கள். பெயர் கிடையாது, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்தான். பேட்டி எடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்கா கேட்டு அடித்துத் தரவேண்டும், ஆராய்ச்சி மேடம் அதைப் படித்து அறிக்கை எழுத வேண்டும்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சொன்னதைச் சொன்னபடி அடிக்கவும். ம், இருமல், சிரிப்பு, மௌனம் எதையும் விட வேண்டாம்.' அக்கா அதைப் படித்தார், மதித்தார், ஆனால் நம்பவில்லை. எந்த ஆபீஸில்தான் சொன்னதைச் சொன்னபடி அடிக்கிறார்கள்? அப்புறம் இதெல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். பெரிய டாக்டர்கள் படிக்கப்போகிற காகிதத்தில் அதுகள் "போங்கடா" என்று சொல்லி நிற்பதை ஒரு தாயின் மனசு எப்படித் தாங்கும்? அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அதனாலேயே அந்தப் பன்னிரண்டு பேர் மேலும் பாசம் கொஞ்சம் கூடுதலாகவே பொங்கியது.

ஆகவே திருத்தினார். ஒன்பதாம் எண் பதினேழு வயதுப் பெண். ஏழு வயதிலிருந்து சர்க்கரை, ஒரு நாளைக்கு நாலு ஊசி. "வார்டுக்குள்ள வந்தாலே எனக்குப் பேரு கிடையாது. 'சுகர் வந்திருக்கு, பெட் போடு'ம்பாங்க. நான் என்ன மளிகை சாமானா?" என்று அவள் ஒலிப்பதிவில் எரிந்து விழுந்தாள். அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டு, இரக்கப்பட்டு, இப்படி அடித்தார்: 'என் வருகையை உடனுக்குடன் அறிந்து செவிலியர்கள் படுக்கையைத் தயார் செய்வது பாராட்டுக்குரியது. எனினும் சில சமயங்களில் சற்றே சோர்வு ஏற்படுகிறது.'

ஆராய்ச்சி மேடத்துக்கு முப்பது வயதிருக்கும். நடையே ஓட்டம். பன்னிரண்டு பேட்டிகளையும் படித்துவிட்டு, முக்கியமான வரிகளை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினார். ஒட்ட ஒட்ட அவர் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

"அக்கா, இதைப் பாருங்க. பதினாலு வயசுப் பையன் 'எனினும்'ங்கிறான். பத்தொன்பது வயசுப் பொண்ணும் 'எனினும்'ங்கிறா. ஒருத்தர்கூட கோபப்படல. நோய் இந்தப் பிள்ளைங்களுக்கு எப்படிப்பட்ட முதிர்ச்சியைக் குடுத்திருக்கு பாருங்க. இதுதான் நம்ம அறிக்கையோட மையமே."

"நல்லா வளர்த்திருக்காங்க மேடம்," என்றார் அக்கா. வளர்த்தது யாரென்று அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. அடித்த தாளைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி, 'இது நான் சொன்னதுதான்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், அது விதி. பதினோரு பேர் மளமளவென்று போட்டுவிட்டார்கள். பாதிப்பேர் படிக்கவே இல்லை. மூன்றாம் எண் மட்டும் படித்துவிட்டு, "நான் இவ்ளோ நல்லவனா?" என்று கேட்டுவிட்டுப் போட்டான். அவன் அம்மா ஒரு பிரதி கேட்டார், ஃப்ரேம் போட்டு மாட்ட.

புதன்கிழமை காலை ஒன்பதாம் எண் வந்தாள். மேடம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்காவுக்கு ஒரே பரபரப்பு. இந்தக் குரலோடு மூன்று நாள் குடும்பம் நடத்தியவர், ஆளை இப்போதுதான் பார்க்கிறார். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை. நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் வைத்தார். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தாள்.

"ஆன்ட்டி, இது யாரு?"

"நீதாம்மா. ஒன்பது போட்டிருக்கு பாரு."

"நான் 'எனினும்'னு என் ஜென்மத்துல சொன்னதில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் அக்கா. "கம்ப்யூட்டர் சில சமயம் தானா திருத்திடும்மா."

"எந்த கம்ப்யூட்டர் ஆன்ட்டி 'சற்றே'ன்னு போடும்?"

வக்கீல் ஆபீஸில் எந்தக் கட்சிக்காரரும் இப்படிக் கேட்டதில்லை. அந்தப் பெண் தாளை மேஜையில் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அக்கா சமாளித்திருப்பார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"டாக்டர் என்னைப் பாத்து எப்படி இருக்கேன்னு கேப்பாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா 'நல்லா இருக்கா டாக்டர்'ம்பாங்க. பத்து வருஷமா அப்படித்தான். அன்னைக்கு ஒரு மணி நேரம் நானே பேசினேன். அதையும் நீங்க பேசிட்டீங்க."

கையெழுத்துப் போடாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா ஹெட்போனை மாட்டி மிதியை அழுத்தினார். இந்த முறை அடிக்கவில்லை, கேட்டார். நாற்பதாவது நிமிடத்தில் பேட்டி எடுத்தவர், "மனசுல இருக்கறதைப் பேச யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார். தாளில் அக்கா அடித்திருந்த பதில்: 'பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுவது என் வழக்கம்.' ஒலிப்பதிவில் முதலில் பேச்சே இல்லை. ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது, எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது, யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பது வினாடி. அதற்குப் பிறகு அந்தக் குரல் சொன்னது, "இப்பதான் பேசிட்டிருக்கேன்."

கெட்ட வார்த்தையைத் துடைத்ததாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே துடைத்திருக்கிறோம் என்று தோன்றியபோது அழுகை வந்தது, அழுதார். அழுது முடித்து, பூசணிக்காயை அவரே தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

மேடம் கடைசி மஞ்சள் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொல்லச் சொல்ல அவர் கை அந்தரத்தில் நின்றது.

"பன்னிரண்டுமா?"

"பன்னிரண்டும்தான் மேடம்."

"அப்ப அந்த முதிர்ச்சி?"

"அது எனக்கு வந்தது மேடம். அம்பத்திரண்டு வயசுல."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த முகம். திட்டுவார், சீட்டைக் கிழிப்பார் என்று அக்கா இரண்டுக்கும் தயாராக நின்றார். கடைசியில் மேடம் கேட்டது ஒன்றுதான்.

"ரெக்கார்டு இருக்கா?"

"இருக்கு மேடம். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடல."

"நல்ல பொண்ணு," என்றார் மேடம். "மூணு வாரம் கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை நிர்வாகத்துக்கு முன்னாடி நான் நிக்கணும். இந்த வயசுப் பிள்ளைங்களைத் தனியாப் பாக்க டாக்டருங்க நேரம் ஒதுக்கணுமா வேண்டாமான்னு இதை வச்சுத்தான் முடிவு. உங்களை அப்புறம் திட்டறேன். போய் அடிங்க."

அடித்தார். 'ம்' அடித்தார், 'ம்ம்' அடித்தார், இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டுக் கேட்டு அடித்தார். பதினாலு வயதுப் பையன் வார்டு சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லை அடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்துப் பிழை வந்துவிட்டதால் கண்ணைத் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. வீட்டிலும் இதே பயிற்சி. அவருடைய வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து பாதி வாக்கியத்தோடு வாழ்பவர், மீதியை அக்காதான் முடிப்பார். ஒரு நாள் காலை அவர், "எனக்கென்னமோ..." என்று ஆரம்பித்தபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார். பழக்கமில்லாத அந்த மனிதர் திகைத்துப்போய், என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

மற்ற பதினோரு பேரும் மறுபடி வந்தார்கள். மூன்றாம் எண் படித்துவிட்டு, "இதான் நான்" என்று ஒருவித ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போட்டான். ஃப்ரேமைக் கழற்றச் சொல்லி அவன் அம்மாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை மாலை ஒன்பதாம் எண் வந்தாள், இந்த முறை அம்மாவோடு. அக்கா புதுத் தாள்களைக் கொடுத்தார். அந்தப் பெண் நிதானமாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள், அங்கே 'பத்தொன்பது வினாடி மௌனம்' என்று இருந்தது. அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரியா இருக்காம்மா?" என்று கேட்டார் அக்கா.

"சரியாத்தாங்க இருக்கும், அவளுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றார் அம்மா. "போடும்மா கையெழுத்தை, பஸ்ஸுக்கு நேரமாகுது."

"நான் அவளைக் கேட்டேங்க," என்றார் அக்கா.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்காவின் வாயில் ஒன்றுக்கு மூன்றாக நல்ல வாக்கியங்கள் வந்து முட்டின, எல்லாவற்றையும் விழுங்கினார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"நாலாம் பக்கத்துல ஒரு 'ம்' விட்டுப்போச்சு ஆன்ட்டி," என்றாள்.

அக்கா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளே அதைத் தன் கையால் எழுதிச் சேர்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.