அவர் கேட்காத உதவி

புத்தகத்தில் எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே தயங்குவேன். நான் எழுதியதைப் பிறர் படிக்க வேண்டும் என்று நினைப்பதே அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பு செய்தது நான் என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. முதியோர் உதவித்தொகை, பட்டா, ரேஷன் கார்டு, இப்படித்தான் வரும்.

அந்த அக்கா பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. தோல் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்த கை. கணவர் ராணுவத்தில் இருந்தவர். இலங்கைக்கு நம் படையை அனுப்பியபோது போனார். உடம்புகூட வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டதாகத் தந்திதான் வந்ததாம். அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

ஏதோ ஒரு நாட்டில், அயல்நாட்டுச் சண்டைக்கு எவ்வளவு செலவு, எதைச் சாதிக்கப் போனீர்கள் என்று மந்திரியை உட்காரவைத்துக் கேட்பதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார்.

"நம்மகிட்ட யாரும் சொல்லவேயில்லியேம்மா. இன்னாத்துக்கு அனுப்புனாங்க, போன வேலை முடிஞ்சுதா, அதக் கேட்டு எழுது. எனக்குத் துட்டு வோணாம்" என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் மனு என்றால் கடைசிப் பத்தி ஒன்று உண்டு. 'எனது ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு உதவி வழங்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' இருபது வருஷமாக எழுதி எழுதி அது என் கையிலேயே ஊறிப்போனது. நினைக்காமலே எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்கும் முன் முழுவதும் படித்துக் காட்டுவேன். அன்று வரிசையில் ஆள் நின்றதால், எல்லோருக்கும் உள்ளதுதானே என்று அந்தப் பத்தியை மட்டும் படிக்காமல் விட்டேன்.

தில்லியில் ராணுவ அமைச்சகத்துக்கு ஒன்று, மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நகல் என்று தபாலில் போட்டோம். தில்லியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார்.

நான் படித்தேன். உதவி கோரிய தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, குடும்ப ஓய்வூதியம் ஏற்கெனவே பெறுவதால் ஏற்க இயலாது, மனு முடிக்கப்பட்டது. அவ்வளவுதான். அவருடைய கேள்வி அதில் எங்குமே இல்லை.

"நான் எப்போ உதவி கேட்டேன்?" என்றார்.

மறைக்க முடியவில்லை. என்னிடமிருந்த நகலை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவங்களுக்கு வேலையே வைக்காம நீயே பதில் எடுத்துக் குடுத்துட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

புதிதாக எழுதித் தருகிறேன், அந்தப் பத்தியே இல்லாமல், நாளைக்கு வாருங்கள் அக்கா என்றேன். இத்தனை வருஷம் கழித்து ஒருதரம் கேட்கவே எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது தெரியுமா என்றார். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகக் கதவு சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.