நிற்கிறேன் என்று சொன்னவள்

எனக்கு நிற்கத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடத்தில் பஸ் வரவில்லை என்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய், அது பொங்கி வழிந்த நாட்களுக்கு அளவே இல்லை. என் மாமியார் வாய்விட்டே சொல்வார், இவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று. நாற்பத்து நான்கு வயதிலும் அது கழலவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் கொல்லிமலைக்குப் போகிற வழியில், காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் தோழியின் கையைப் பிடித்து, "எல்லாப் பிரிவுலயும் உனக்காக நிப்பேன்டி, சத்தியமா" என்று சொன்னேன்.

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதை எங்கே இரண்டாகப் பிரிகிறதோ, அங்கே முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் தன்னைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் அதை மீறுகிறவரோடு யாரும் இரண்டாவது முறை வர மாட்டார்கள்.

அவள் எனக்காக இரண்டாவது முறை வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டுச் சரிவு ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். நான் முன்னால். கீழே போய் மோர் வாங்கிக் குடித்து, கடைக்காரரிடம் கதை பேசிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவளைக் காணோமே என்று எனக்கு உறைத்தது. மேலே ஒரு திருப்பத்தில், காறை எலும்பு உடைந்து, தனியாகக் கிடந்தாள். தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் சைக்கிள் பக்கமே போகவில்லை. இருந்த சைக்கிளையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். இந்தப் பயணத்துக்கு என்னுடைய பழைய சைக்கிளைத்தான் அவளுக்காகத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வந்தேன். அவளை மறுபடி ஓட்ட வைத்துவிட்டால் அந்த முக்கால் மணி நேரம் கரைந்துபோகும் என்று ஒரு நினைப்பு.

நாங்கள் நான்கு பேர். நான், என் தோழி, ஒரு பல் டாக்டர், அவர் மனைவி. எல்லோரும் சேலம். தோழி கணக்கு டீச்சர். அதனால் டாக்டர் வீட்டில் அவளை டீச்சர் என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார்கள். நாலு மாதத்துக்கு முன்னால் அந்த மலையில் ஒரு சைக்கிள் போட்டி நடந்தது. அதில் நானும் ஓட்டினேன். டாக்டர் வழிகாட்டியாக நின்றார். அந்தப் போட்டிப் பாதைகளில் இரண்டு நாள் சும்மா ஓட்டிவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம்.

"அக்கா, இது போட்டி இல்லீங்க. ஜாலியா ஓட்டறோம். சோளக்காடு சந்தையில அன்னாசி திங்கறோம், போட்டோ எடுக்கறோம், அவ்வளவுதான்" என்று டாக்டர் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். ஆமாம் ஆமாம் என்றேன். கையில் கட்டியிருந்த கடிகாரம் அவருக்குத் தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். போட்டியில் கடைசி இறக்கத்தைப் பதினொரு நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டியவள் பன்னிரண்டாக்கிவிட்டேன். அந்த ஒரு நிமிடம் நாலு மாதமாக என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மேகம் தரையில் படுத்திருந்தது. மரவள்ளிக் காடுகளை ஒட்டிப் புறப்பட்டோம். முதல் பிரிவில் நின்றேன். அவள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வந்தாள். இரண்டாவது பிரிவிலும் நின்றேன். டயரை அமுக்கிப் பார்த்தேன், ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினேன், காப்பிச் செடியில் பழத்தை எண்ணினேன், மறந்து மறுபடி எண்ணினேன். மூன்றாவது பிரிவுக்கு முன்னால் ஒரு பாறைப் படி இருந்தது. அவள் அதன் மேல் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு கால் ஊன்றாமல் இறங்கிவிட்டாள்.

"எறங்கிட்டேன்டி" என்றாள். நம்பாமல் தன் கைகளையே பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அதே நொடியில், ஒரு படிக்கு இவ்வளவு நேரமா என்றும் மனசு அரித்தது. அதுவும் பொய்யில்லை.

கடைசி இறக்கத்தின் உச்சியில் டாக்டர் மனைவியின் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. முள் ஏறியிருந்தது. "நீங்க போய்ட்டே இருங்க. நாங்க ஒட்டிட்டு வாரோம். கீழ டீக்கடையில பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"பாதி தூரத்துல ஒரு பிரிவு வரும். அங்க நிக்கறேன், மெதுவா வா" என்று தோழியிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினேன்.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. மண் லேசான ஈரத்தில் இறுகியிருந்தது, டயர் வழுக்கவில்லை. போட்டியில் பயந்து பிரேக் பிடித்த இடங்களில் பிடிக்கவில்லை. பிரிவு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கவில்லை. நிற்க வேண்டும் என்று தெரியும். கை பிரேக்குக்குப் போனதும் உண்மை. போட்டிக்காகக் கட்டிய ரோஸ் ரிப்பன் வழி நெடுகத் தொங்குகிறதே, அதைப் பார்த்து வந்துவிடுவாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கம் ரிப்பன் இருக்கிறதா என்று தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

டீக்கடையை அடைந்தபோது பத்து நிமிடம், ஐம்பத்திரண்டு நொடி. கடைக்காரரிடம் அதைச் சொன்னேன். "அப்படீங்களா" என்று சொல்லி டீயை ஆற்றினார். அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை. இரண்டாவது டீ இறங்கவில்லை. அவளுக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம், இருபது ஆகலாம். அரை மணி நேரம் ஆயிற்று. கடைக்கும் பாதை முனைக்கும் நடந்தேன். போனில் சிக்னல் இல்லை. கடைசியில் மேலே சைக்கிள் சத்தம் கேட்டு ஓடினேன். பஞ்சர் ஒட்டிய டாக்டரும் மனைவியும் வந்து நின்றார்கள்.

"டீச்சர் எங்கீங்கக்கா?" என்றார் டாக்டர் மனைவி.

"பிரிவுல பத்து நிமிஷம் நின்னு பார்த்தேன். வரல. உங்களோட வாராளாக்கும்னு எறங்கிட்டேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி வந்தது, பதில் கொட்டிவிட்டது. ஏற்காட்டில் அவள் கிடந்த கிடப்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறபோது, என் வாய் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் ரோடு வழியாகச் சுற்றித் தேடக் கிளம்பினார். அவர் மனைவி கடையிலேயே இருந்தார். நான் வந்த பாதையிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். ஆறு நிமிடத்தில் இறங்கியதை ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஏறினேன். பிரிவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், வலது பக்கத்து மரங்களில் ஒரு ரிப்பன்கூட இல்லை. இடது பக்கம் ஒற்றையடிப் பாதை. அங்கே ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்திலும் ரோஸ் ரிப்பன், வரிசையாக, போட்டிக்குக் கட்டியதைவிட அழகாகக் கட்டியிருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். பாதை ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் போய் முடிந்தது. ஏணி ஒன்று மரத்தில் சாய்ந்திருந்தது. மேலே ஒருவர் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் தோழி நின்றாள். ஒரு கீறல் இல்லை.

"வந்துட்டியா" என்றாள்.

மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தம்மா உங்க கூட வந்தவங்களா? பாவம், ரிப்பனப் பாத்து உள்ள வந்துட்டாங்க. போட்டி முடிஞ்சு யாரும் அவுக்க வரலீங்க. கொடி கட்ட நல்லா இருக்குதேன்னு நாந்தான் அவுத்துட்டு வந்தேன். தப்புங்களா?"

"தப்பே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஏணி மரத்தையே பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

டீக்கடைக்கு வந்தபோது டாக்டரும் திரும்பியிருந்தார். பயம் கோபமாகிவிட்டது அவருக்கு. "என்னங்க டீச்சர், அக்கா பத்து நிமிஷம் பிரிவுல நின்னாங்களாம். நீங்க எப்படிங்க தவற விட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திற, இப்போதாவது சொல்லு என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள்.

"ஆமாங்க, நின்னா. நான்தான் பிரேக்கைப் பாத்துக்கிட்டே வந்து தப்பாத் திரும்பிட்டேன். எல்லாரையும் அலைய வெச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள்.

டாக்டர் அவளுக்கு ஒரு பாடமே எடுத்தார். காட்டில் கவனம் வேண்டும், கூட வருகிறவரைப் பார்த்து வர வேண்டும் என்று. கணக்கு டீச்சர், முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்குப் பலாச்சுளை வாங்கித் தந்தார்கள், ரொம்ப அலைந்துவிட்டேனாம்.

சாயங்காலம் தங்கியிருந்த வீட்டின் பின்பக்கக் குழாயில் இரண்டு பேரும் சைக்கிளைக் கழுவினோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் நிக்கல."

"தெரியும்."

"திட்டேன்டி. நாலு அறை அறையேன். எதுக்கு எனக்காகப் பொய் சொன்ன?"

செயினில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "கோவம் வந்தாத்தானே திட்ட? நீ நிப்பேன்னு நான் நெனச்சிருந்தா கோவம் வந்திருக்கும். நீ இருக்க மாட்டேன்னு மேலயே தெரியும். அதான் உன்னத் தேடாம ரிப்பனப் பாத்து வந்தேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானத்தை என்னால் தாங்க முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது டாக்டரிடமும் அவர் மனைவியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். "சரி விடுங்கக்கா" என்றார் டாக்டர், ரசத்தை ஊற்றிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வேறு பாதை. அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு நான் கடைசியா வாரேன்" என்றேன். "வேண்டாம், நீ பின்னால வந்தா எனக்கு அவசரமாவே இருக்கும். முன்னால போ" என்றாள். கடிகாரத்தைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டுப் போனேன்.

முதல் பிரிவில் சைக்கிளைக் குறுக்கே வைத்து, பாதை நடுவில் நின்றேன். காலெல்லாம் எறும்பு ஏறியது. நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே அவள் வருவது தெரிந்ததும் கையைத் தூக்கி வலது பக்கம் காட்டினேன். இருபதடி தூரம்கூட இருக்காது. என்னை நன்றாகப் பார்த்தாள்.

எதிரே ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். என் தோழி பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள்.

"ஏனுங்கம்மா, கீழ ரோட்டுக்கு எந்தப் பக்கமுங்க போகணும்?"

அந்த அம்மா கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "அதா, அந்தம்மா கையக் காட்டிட்டு நிக்குதுங்களே, அந்தப் பக்கந்தான் சாமி."

"சரீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வலது பக்கம் திரும்பி இறங்கிப் போனாள்.